ஃபோல்டருக்கு அடியில் போன பற்கள்

அவளுக்குக் குருவி என்று பேர் வைத்தது அவள் அண்ணன்தான். ஓரிடத்தில் ஒழுங்காக உட்கார மாட்டாள். சாப்பிடும்போதுகூட தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடப்பாள். போனில் பேச ஆரம்பித்தால் பேசி முடிப்பதற்குள் வீட்டை நாலு சுற்று சுற்றி வந்திருப்பாள். "கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து தாண்டியும் அந்தச் சக்கரம் கழலவில்லை.

அண்ணன் வைத்திருந்தது பல் லேப். வாய்க்குள் பல் கட்டுகிற டாக்டர்கள் அந்தப் பல்லைத் தாங்களே செய்வதில்லை. நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். செய்து கொடுப்பது லேப். மாடிப்படிக்குக் கீழே ஒரு மின்சார உலை, ஜன்னலோரம் அண்ணனின் மேஜை, மேஜையில் வெள்ளைப் பொடிக் கிண்ணங்கள், முடியளவு மெல்லிய தூரிகைகள். பல்லுக்கு நிறம் தீட்டி உலையில் சுடுவது அவன் வேலை. நூறு விதமான வெள்ளை அவனுக்குத் தெரியும். மனுஷனைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டான், பல்லைத்தான் பார்ப்பான். போன் எடுப்பது, பொட்டலம் கட்டுவது, டாக்டர்களுக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் அண்ணி. கம்ப்யூட்டரில் பல்லை வடிவமைக்கிறவளுக்குக் கடைவாய் என்று பேர். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களை அவள் மாதிரி அச்சாகச் செதுக்க ஆளில்லை என்பதால் வந்த பேர். டாக்டர்களே போன் பண்ணி, "இதைக் கடைவாய்கிட்டயே குடுங்க" என்பார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

கம்ப்யூட்டர் குருவியின் பொறுப்பு. பழைய மெஷின் அடிக்கடி மூச்சு நின்று போனதால், அவள் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் போட்டாள். கடைவாய் வடிவமைத்து முடித்த பற்கள் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற கடைசல்காரருக்குப் போக வேண்டும். அவரிடம்தான் வெள்ளைக் கட்டியிலிருந்து பல்லைக் கடைந்தெடுக்கும் மெஷின் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நடுவில் இணையத்தில் ஒரு சேமிப்பிடம் எடுத்திருந்தார்கள். அது எங்கேயோ தூரத்தில் இருந்தாலும், லேப் கம்ப்யூட்டரில் 'முடிஞ்சது' என்ற ஒரு ஃபோல்டராகத் தெரியும். கடைவாய் அதில் போட்டால் கடைசல்காரர் அங்கே எடுத்துக்கொள்வார்.

ஆனால் அது சும்மா தெரியாது. தினமும் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்து அந்தச் சேமிப்பிடத்தை ஃபோல்டரோடு பிணைக்க வேண்டும். வீட்டு பாஷையில் அதற்கு 'மேகம் கட்டுறது' என்று பேர். அந்த வரியை வேறு யாரும் கற்றுக்கொள்ளவில்லை. குருவி குளித்துக்கொண்டிருந்தாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் போன் வரும்.

"மேகம் கட்டியாச்சா?"

"நான் செத்தாலும், மேகத்தைக் கட்டிட்டுச் செத்துப்போன்னு சொல்லுவீங்க போலிருக்கே" என்று ஒருநாள் அண்ணியிடம் சொன்னாள்.

"அப்படியெல்லாம் சொல்லாத. நாங்களா வேணாங்கறோம், கட்டிட்டே போ" என்றாள் அண்ணி, பொட்டலத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

குருவிக்கு வேறொரு ஊரில் வேலை கிடைத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரி. அங்கே எடுக்கிற ஸ்கேன் படங்களையெல்லாம் சேர்த்து வைக்கிற கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற வேலை. கிடைத்துப் பல நாளாகிவிட்டது. அண்ணனிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் கடைவாய், வேறொரு லேப்பில் இடம் கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் போகிறேன் என்று நேராக வந்து சொன்னாள். அண்ணன் தூரிகையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "வளர்த்த கடா மார்ல பாயுது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு அவளிடம் நேரடியாகப் பேசுவதையே நிறுத்திவிட்டான். எதைச் சொல்ல வேண்டுமானாலும் சுவரிடம் சொல்வான், அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். இதைப் பார்த்த குருவி, வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். விழுங்கினது செரிக்கவில்லை. சோறு இறங்கவில்லை, படுத்தால் புரண்டுகொண்டே இருந்தாள்.

தான் இல்லாமலே லேப் ஓடும் என்று காட்டிவிட்டால் சொல்வது சுலபமாகும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லேப் பூட்டியிருந்தபோது போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் எழுந்ததும் தானே மேகத்தைக் கட்டிக்கொள்ளும்படி ஒரு சின்ன ஏற்பாட்டை எழுதினாள். அணைத்துப் போட்டாள், மேகம் வந்தது. இன்னொரு தடவை அணைத்துப் போட்டாள், வந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான்.

"இனி நீ எதையும் அடிக்க வேணாமா?"

"வேணாம்."

"நீ வராட்டியும் ஓடுமா?"

"ஓடும்ணா."

"பரவாயில்லையே" என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டு மாடிக்குப் போனான். சொல்வதற்குத் தோதான நேரம் அதுதான். குருவி மேஜையைத் துடைத்தாள், நாற்காலியை நகர்த்தினாள், விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள். சொல்லவில்லை.

மறுநாள் விடிந்ததும், ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய் ரெண்டு மூணு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். போனது அந்த ஆஸ்பத்திரி ஊருக்கு, தங்குவதற்கு அறை பார்க்க.

அங்கே போயும் மனசு நிலைகொள்ளவில்லை. ஒரு அறையில் காற்று வரவில்லை, இன்னொன்றில் குழாய் ஒழுகியது. படியேறி இறங்கிக் கால் வீங்கியது. திங்கள் போன் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. வராததே அவளுக்கு உறுத்தியது. எத்தனையோ வருஷமாகக் காலையில் ஒலித்த போன். அவளாகவே அண்ணியைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் நல்லா ஓடுதா அண்ணி?"

"ஓடுது. நீ நிம்மதியா இரு."

நிம்மதியா இரு என்று சொன்னதும் இருந்த கொஞ்சமும் போனது. ஆனாலும் புதன் காலையில் ஒரு அறை பிடித்துப்போய்விட்டது. இரண்டு பக்கமும் ஜன்னல், நடக்க இடம். வீட்டுக்கார அம்மாளிடம் சாவியை வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணி கூப்பிட்டாள்.

"குருவி, கடைசல்காரர் போன் பண்ணினாரு. திங்கக்கிழமைலேருந்து ஒரு பல்லுகூட வரலையாம். நாம வேலை இல்லாம இருக்கோம்னு நினைச்சு அவரும் பேசாம இருந்துட்டாராம்."

"கடைவாய் என்ன சொல்றா?"

"எல்லாத்தையும் முடிச்சுப் போட்டுட்டேன்னு சொல்றா. அந்த ரேடியோ அம்மாவோட முன்பல்லு வேற இதுல இருக்கு. அவங்க டாக்டர் காலையிலேருந்து போன்மேல போன்."

ரேடியோ அம்மா என்பது வானொலியில் செய்தி வாசிக்கிற ஒரு பெண்மணி. தற்காலிகமாக வைத்த முன்பற்கள் விழுந்துவிட்டன. பல்லு போனால் சொல்லு போச்சு என்பது மற்றவர்களுக்குப் பழமொழி, அவருக்குப் பிழைப்பு.

வீட்டுக்கார அம்மாள் எதிரே நின்று, குப்பை எந்த நாளில் எடுப்பார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு காதில் குப்பை, ஒரு காதில் பல். குருவி யோசிக்கவில்லை. "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அண்ணி, சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாவியைப் பைக்குள் போட்டுத் தெருவுக்கு வருவதற்குள் மறுபடி போன். இந்த முறை அண்ணியின் குரல் தாழ்ந்திருந்தது.

"ஆன் பண்ணிட்டோம். மேகம் வந்துடுச்சு. போன வாரம் வரைக்கும் செஞ்சது எல்லாம் பத்திரமா இருக்கு. திங்கள், செவ்வாய், இன்னிக்கி செஞ்சது மட்டும் இல்ல."

"இல்லன்னா?"

"இல்லவே இல்ல. அவ வடிவமைக்கிற சாஃப்ட்வேர்ல பேஷன்ட் பேர் வரிசையா இருக்கு. தொட்டா ஃபைல் இல்லைங்குது. கம்ப்யூட்டரோட குப்பைத்தொட்டியிலயும் இல்ல. அந்தப் பக்கம் கடைசல்காரரும் தேடிட்டாரு, வந்த சுவடே இல்லையாம். உங்க அண்ணன் என்னென்னமோ பேசறாரு. நீ கிளம்பி வா."

பஸ் நிலையத்துக்கு ஓடினாள். ஏறி உட்கார்ந்ததும் கடைவாய்க்குப் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். அணைத்து வைத்திருந்தது. பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் எழுந்து போய் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காரும்மா. நீ நின்னா வண்டி வேகமாவா போகும்?" என்றார் கண்டக்டர்.

உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி அண்ணியைக் கூப்பிட்டாள்.

"கடைவாய் எங்கே?"

"வீட்டுக்குப் போயிட்டா." கொஞ்சம் நிறுத்திவிட்டு அண்ணி சொன்னாள், "போனான்னு சொல்லக் கூடாது. அனுப்பிட்டாரு. போற இடத்துக்கு நம்ம டாக்டர்களையும் வேலையையும் சேர்த்து அள்ளிட்டுப் போறியான்னு கேட்டாரு. அவ பதில் சொல்லல. பையைக் கொட்டுன்னாரு."

"கொட்டச் சொன்னானா?"

"பென் டிரைவ் இருக்கான்னு பாக்க. நான் வேணாங்கன்னு சொல்லிப் பாத்தேன். அவ கொட்டிட்டா. டிபன் டப்பா, குடை, பிள்ளையோட மாத்திரைச் சீட்டு. வேற ஒண்ணும் இல்ல. எல்லாத்தையும் திரும்ப எடுத்து வெச்சுக்கிட்டு, லேப் சாவியை மேஜைல வெச்சுட்டுப் போனா."

கடைவாய் ஏழு வருஷம் ஒரே மேஜையில் வேலை செய்தவள். ஒரு பல் சரியாக வரவில்லை என்றால் வீட்டுக்குப் போக மனமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள். அவள் எடுத்திருக்க மாட்டாள். அப்படியானால் அந்த ஃபைலெல்லாம் எங்கே? மேகத்துக்கு வரவே இல்லை. அழித்திருந்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும், அங்கேயும் இல்லை. கம்ப்யூட்டர் முடிந்தது என்றுதான் காட்டியிருக்கிறது, பிழை என்று ஒரு தடவையும் கத்தவில்லை. எழுத இடம் இல்லாமல் எப்படி எழுதும்?

ஜன்னல் கண்ணாடியில் விரலால் தட்டிக்கொண்டே வந்த குருவி சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணி, திங்கக்கிழமை கரண்ட் போச்சா?"

"போச்சு, காலையில. கண் மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு. கம்ப்யூட்டர் தானே ஆன் ஆயிடுச்சு. நீ இல்லாதப்போ எதுக்கு வம்புன்னு அதுக்கப்புறம் ராத்திரிகூட அதை அணைக்கல."

"மோடம்?"

"அதுல லைட் எரியத்தான் நேரமாச்சு. எனக்கு ஒரு மெசேஜும் வரல, அதனாலதான் ஞாபகம் இருக்கு. ஏன் கேக்கறே?"

குருவிக்குப் புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டர் சீக்கிரம் எழுந்துவிட்டது, இணையம் தாமதமாக எழுந்தது. நடுவில் அவள் எழுதிய ஏற்பாடு மேகத்தைக் கட்டப் பார்த்து, இணையம் இல்லாததால் ஒரு தடவையோடு கைவிட்டுவிட்டது. கைவிட்டதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்லும்படி அவள் எழுதவே இல்லை. ஆனால் 'முடிஞ்சது' என்ற ஃபோல்டர் மட்டும் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கும், வெறும் தரை மாதிரி. மேகம் அதன்மேல் விரிக்கிற பாய். பாய் விரிக்காத அன்றும் கடைவாய் பல்லை அங்கேதான் போட்டிருக்கிறாள். எல்லாம் தரையிலேயே விழுந்திருக்கிறது. அதற்கப்புறம், 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்று அவளே சொன்னதும், பாய் ஒழுங்காக விரிந்து அத்தனையையும் மூடிவிட்டது. பாயின்மேல் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

"அண்ணி, அண்ணன்கிட்ட போனைக் குடுங்க."

"அவர் போன்ல இருக்கார். அந்த இன்னொரு லேப்காரர்கிட்ட."

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க சேத்துக்கப் போறவ எப்படிப்பட்டவன்னு தெரிஞ்சுக்கங்கன்னு." அண்ணியின் குரலுக்குப் பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. உரக்கப் பேசவில்லை, நிதானமாகப் பேசினான். நிதானமாகப் பேசினால் அவன் முடிவு பண்ணிவிட்டான் என்று அர்த்தம்.

"போனைப் பிடுங்குங்க அண்ணி. அவ எடுக்கல. எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. என் தப்பு அது. கேக்குதா?"

கேட்கவில்லை. மலைச்சரிவில் சிக்னல் போய்விட்டது. பஸ் ஒவ்வொரு நிறுத்தமாக நின்றது. ஒருத்தர் மூட்டையோடு இறங்கினார், மூட்டையை மறந்துவிட்டு மறுபடி ஏறினார். குருவி நகத்தைக் கடித்தாள். கடித்த நகத்தையே கடித்தாள். பேசிய பேச்சைத் திரும்பக் கூப்பிட ஒரு வரி இருந்தால் அடித்துவிடலாம்.

லேப்புக்கு அவள் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான், உலையில் எதுவும் இல்லை. அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டருக்குப் போனாள்.

"என்னன்னு பாரு. அவ அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியுமா?" என்றான்.

"அவ அழிக்கல."

மேகத்தை அவிழ்க்கும் வரியை அடித்தாள். ஃபோல்டரை யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள், அவிழ்க்க முடியாது என்றது கம்ப்யூட்டர். வடிவமைக்கிற மென்பொருள் பின்னால் திறந்து கிடந்தது. அதை மூடிவிட்டு மறுபடி அடித்தாள். இம்முறை ஒன்றும் சொல்லாமல் அவிழ்ந்தது. ஃபோல்டரைத் திறந்தாள்.

பழைய வருஷங்களின் வேலை ஒன்றும் இல்லை. திங்கள், செவ்வாய், புதன் மட்டும் இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் பேரும், கீழே பல்லும். ரேடியோ அம்மாவின் முன்பல்லைத் திறந்தாள். ஆறு பற்கள், மெல்லிய விளிம்போடு, வரிசையாகத் திரையில் சுழன்றன.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். பல்லைத்தான் முதலில் பார்த்தான். "நல்லா பண்ணியிருக்கா" என்று தன்னை அறியாமல் சொன்னான். பிறகுதான் அவன் முகம் மாறியது.

குருவி நடந்ததைச் சொன்னாள். தரை, பாய், கரண்ட், மோடம், எல்லாம். அவன் திரையையே பார்த்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "அப்பாடா. கிடைச்சுதே, அது போதும். எல்லாத்தையும் கடைசல்காரருக்கு அனுப்பு" என்றான்.

அனுப்பினாள். வந்துவிட்டது என்று கடைசல்காரர் பதில் போட்டார். அதன் பிறகு அவன் எழுந்தான்.

"நீ அவகிட்ட பேசிடு. கம்ப்யூட்டர் பண்ணின தப்புன்னு சொல்லு."

"கம்ப்யூட்டர் ஒரு தப்பும் பண்ணல. நான் எழுதினதை அப்படியே செஞ்சுது. நான் பண்ணின தப்பை நான் சொல்றேன். பையைக் கொட்டச் சொன்னது யாரு?"

"சந்தேகம் வர்ற மாதிரி இருந்துச்சு, கேட்டேன். போறவ ஒருத்தி. போற நேரத்துல காணாமப் போகுது. வேற யாரை நினைக்கிறது?"

"போறவங்களையெல்லாம் அப்படித்தான் நினைப்பியா?"

"அதுல என்ன தப்பு?"

குருவி தன் தோள்பையை எடுத்தாள். அவன் மேஜையில், வெள்ளைப் பொடிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில், கவிழ்த்தாள். சீப்பு, சார்ஜர், தண்ணீர் பாட்டில், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், பஸ் டிக்கெட், ஒரு புதுச் சாவி.

"என்ன இது, பைத்தியம் மாதிரி" என்றான் அண்ணன்.

"பாரு. நானும் போறேன். என் பையையும் பாத்துடு."

அவன் மற்ற எதையும் தொடவில்லை. சாவியை மட்டும் எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது எந்த வீட்டுச் சாவி?"

சொன்னாள். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி, எப்போது சேர வேண்டும், எப்போது கடிதம் வந்தது. சிநேகிதி வீடு பொய் என்றும் சொன்னாள். சொல்லிக்கொண்டே உலைக்கும் வாசலுக்கும் நடந்தாள். ஒருதடவை அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

"கடைவாய் வந்து நேரா சொன்னா. நான் சொல்லல. நீ சந்தேகப்பட்டிருக்க வேண்டியது என்னைத்தான்."

அண்ணன் சாவியை மேஜையில் வைத்தான். பொடி சிந்தியிருந்த இடத்தைத் தூரிகையால் ஒதுக்கினான். பிறகு மாடிக்குப் போய்விட்டான்.

மறுநாள் காலை குருவி கடைவாயின் வீட்டுக்குப் போனாள். அவள் மொட்டைமாடியில் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குருவியைப் பார்த்ததும் கையிலிருந்த துணியை இன்னொரு தடவை பிழிந்தாள், அதில் தண்ணீரே இல்லை.

குருவி எல்லாவற்றையும் சொன்னாள். தன் தப்பில் தொடங்கி, தானும் போகப்போவதுவரை.

"ரேடியோ அம்மாவோட பல்லு கிடைச்சுதா?" என்று கடைவாய் முதலில் கேட்டாள்.

"கிடைச்சுது. கடைசலுக்குப் போயிடுச்சு."

"அதுல ரெண்டாவது பல்லு லேசா திரும்பியிருக்கும். அவங்க சொந்தப் பல்லு அப்படித்தான் இருந்துச்சு, பழைய போட்டோ பாத்துப் பண்ணினேன். யாரும் நேராக்கிடாதீங்கன்னு சொல்லிடுங்க."

"சொல்றேன். அண்ணன் சார்பா நான் மன்னிப்பு..."

"வேணாம்கா." அவள் குரல் உயரவில்லை. "நேத்து அந்த லேப்லேருந்து போன் வந்துச்சு. இப்போதைக்கு வர வேணாம், யோசிச்சுச் சொல்றோம்னாங்க. என் வீட்டுல கேட்டாங்க, நீ என்ன எடுத்தேன்னு. எதையாவது எடுத்தியான்னு கேக்கல. என்ன எடுத்தேன்னு. மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? சார் எப்படி அவங்களுக்குப் போன் பண்ணினாரோ, அதே மாதிரி இங்க வந்து, என் எதிர்ல நின்னு போன் பண்ணணும். நான் கேக்கணும்."

குருவி திரும்பி வந்து, அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அண்ணனிடம் சொன்னாள். அவன் ஒரு பல்லுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டினதைத் துடைத்துவிட்டு மறுபடி தீட்டினான். மறுபடி துடைத்தான்.

"அவ வீட்டுக்கு நான் போகணுமா?"

"போகணும்" என்றது அண்ணி. குருவி இல்லை. "பையைக் கொட்டறப்போ நான் பக்கத்துல இருந்தேன். எனக்கே சோறு இறங்கல. கிளம்புங்க."

மூன்று பேரும் போனார்கள். படி குறுகல். அண்ணன் கடைசியாக ஏறினான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. போனை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டான்.

"நேத்து பேசினேன் இல்லையா... ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சு..."

"சின்னது இல்ல சார்" என்றாள் கடைவாய்.

அண்ணன் அவளைப் பார்த்தான். அந்த மாதத்தில் முதல்முறையாக, சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"சின்ன தப்பு இல்ல. அந்தப் பொண்ணு எதையும் எடுக்கல, எதையும் அழிக்கல. செஞ்ச வேலை எல்லாம் எங்க கம்ப்யூட்டர்லயே இருந்துச்சு, எங்களுக்குப் பாக்கத் தெரியல. விசாரிக்காம உங்ககிட்ட தப்பாச் சொன்னேன். ஏழு வருஷமா அவ கைபட்ட வேலை ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. இதைத்தான் நேத்தே சொல்லியிருக்கணும்."

பிறகு அந்த லேப்காரர், "ஒருத்தரைப் பத்தி இப்படிச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுத்திருக்கலாம் நீங்க" என்றார். "அவங்களை ஒண்ணாந்தேதி வரச் சொல்லுங்க."

அண்ணன் போனைப் பைக்குள் வைத்தான். மேலே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். கடைவாய், "பாக்கி இருக்கற நாளுக்கு நான் வரமாட்டேன் சார்" என்றாள். அவன் தலையாட்டினான். தண்ணீர் வேண்டுமா என்று அவள் கேட்கவில்லை. அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் குருவி லேப்பில்தான் இருந்தாள். தன் ஏற்பாட்டை முதலிலிருந்து எழுதினாள். இணையம் வரும்வரை காத்திருக்கும், வராவிட்டால் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். அதோடு, மேகம் இல்லாத நேரத்தில் அந்த வெறும் ஃபோல்டரில் யாரும் எதையும் எழுத முடியாதபடி பூட்டினாள். பாய் இல்லையென்றால் தரையில் எதுவும் விழக் கூடாது, முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வேண்டும். மோடத்தைப் பிடுங்கிவிட்டுப் போட்டாள், கரண்ட்டை அணைத்துப் போட்டாள், இரண்டையும் சேர்த்து அணைத்துப் போட்டாள். அண்ணியை உட்கார வைத்து, மேகம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையென்றால் அந்த ஒரு வரியை அடிக்கவும் சொல்லிக்கொடுத்தாள். அண்ணி முதல்நாளே கற்றுக்கொண்டாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை வருஷம் உன்னைக் குளிக்கறப்போல்லாம் கூப்பிட்டோம்?"

அண்ணன் அவளிடம் பேசவில்லை. கோபமாகவும் நடந்துகொள்ளவில்லை. அவள் வந்தால் எழுந்து உலைப்பக்கம் போனான், அவள் உலைப்பக்கம் போனால் ஜன்னலுக்கு வந்தான். சாப்பிட்டாளா என்று அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். புதிதாக ஒரு வடிவமைப்பாளரைத் தேடிப் பல பேருக்குப் போன் பண்ணினான். பேசும்போது ஒவ்வொருவரிடமும் சம்பளத்துக்கு முன்னால், எத்தனை நாள் இருப்பீங்க என்றுதான் கேட்டான்.

அவள் கிளம்பிய அன்று அண்ணிதான் பஸ் நிலையத்துக்கு வந்தாள். அண்ணன் காலையிலேயே கடைசல்காரரைப் பார்க்கப் போய்விட்டான். அவன் நேரில் போகும்படி அங்கே ஒரு வேலையும் இல்லை.

"என்மேல ரொம்பக் கோபமா இருக்கானா அண்ணி?"

"கோபமா இருந்தா ரெண்டு திட்டுத் திட்டிட்டு வந்து வழியனுப்புவாரு. இது வெட்கம். அவருக்கு இது பழக்கமில்ல, ஆற நாளாகும்." அண்ணி பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். "நீ போய் வேலையைப் பாரு. போன் பண்ணு. அவர் எடுக்கலன்னா மறுபடி பண்ணு."

குருவி பெட்டியை வைத்துவிட்டு மறுபடி படிக்கே வந்து நின்றாள். பஸ் கிளம்பவில்லை. டிரைவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நிலையத்துக்குள் வரும் ஒவ்வொரு வண்டியையும் எட்டிப் பார்த்தாள். ஒருமுறை இறங்கினாள், மறுபடி ஏறினாள். பஸ் நகர்ந்து, வளைவு திரும்பி, அண்ணியின் புடவை நிறம் கூட்டத்தில் கலந்த பிறகும் அவள் படியிலேயே நின்றாள். பிறகு போனை எடுத்து அண்ணன் நம்பரை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள்.